ஆறாவது கோப்பு

6 அக்டோபர், திங்கள்

மூன்றரைக்கு மழை. பிரிக்பீல்ட்ஸ் சாலையில் பகலிலேயே கார் விளக்குகள்.

வரும் ஞாயிறு, சிவபாலன் இறந்த முப்பத்தொன்றாம் நாள். வருகிறவர்கள் கையில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். வாழ்க்கைக் குறிப்பு என் பொறுப்பு, நாற்பது வருட நண்பன் என்பதால். கையால் எழுதிக் கொண்டுபோனேன். அச்சகத்துச் சரோஜா வாங்கவில்லை. "கையெழுத்து இப்ப எடுக்குறதில்ல அங்கிள். டைப் பண்ணி மெயில்ல போடுங்க லா. வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்குள்ள."

மகன் விட்டுப்போன பழைய மடிக்கணினி. அதனுடனே வந்த எழுதும் செயலி. தனியாக வாங்க வேண்டியதில்லை. திறந்தால் வெள்ளைத் தாள், மின்னும் ஒரு சின்னக் கோடு.

இன்று கற்றவை:
– ஆங்கில விசையில் ஒலியைத் தட்டினால் தமிழ் வருகிறது.
– கன்ட்ரோல், எஸ்: சேமிக்க.
– கன்ட்ரோல், இசட்: போனது திரும்பி வர.
– சேமிக்காமல் மூடக் கூடாது. (ஒரு பத்தி போயிற்று.)

மனைவி கமலா ஒரு காலத்தில் தோட்ட ஆபீசில் தட்டச்சர். பின்னால் நின்று பார்த்தாள். "பத்து விரல் இருக்குல்ல, ரெண்ட மட்டும் ஏன் வேலைக்கு அனுப்புறீங்க?"

7 அக்டோபர், செவ்வாய்

வெயில். தோள் வலி. ஒன்பது பத்திகள் முடிந்தன.

பத்திரிகையில் இருந்தபோது செய்தி அறையில் செய்தபடியே செய்தேன். அங்கே பத்திக்கு ஒரு துண்டுத் தாள், தலையில் எண். நாலு பேர் பிரித்துக்கொண்டு அச்சுக் கோப்பார்கள். இங்கே பத்திக்கு ஒரு கோப்பு. பெயர் 1, 2, 3 என்று 9 வரை. ஒழுங்காகத்தான் தெரிகிறது.

ஐந்தில் சிவபாலனின் அரசாங்க வேலை, தலைமை எழுத்தர் பதவி. ஆறில், ஓய்வுக்குப் பின் செலாயாங் மொத்தக் காய்கறிச் சந்தையில் பதினோரு வருடம். மூட்டை இறக்கினான், எடை போட்டான். 'இதுதான் நானாப் பார்த்து எடுத்த வேலை' என்பான்.

8 அக்டோபர், புதன்

காலை மூட்டம். கணினியைத் தூக்கிக்கொண்டு சிவபாலனின் அக்கா வீட்டுக்கு. மகேஸ்வரி அக்கா, எண்பத்தொன்று, தலைமையாசிரியராக இருந்தவர். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஐந்து வரை தலையாட்டினார்.

"ஆறாவதை எடுத்துவிடு தம்பி. ஹெட் கிளார்க் எண்டதோட நிண்டாக் காணும்."

"நடந்ததுதானே அக்கா."

"நடந்ததெல்லாம் புத்தகத்தில போடுறதோ? கோயில்ல எல்லாருக்கும் அவன் ஒரு கம்பெனிக்கு ஆலோசகர் எண்டு சொல்லிப்போட்டன். ஞாயித்துக்கிழமை அவையளின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

பிறகு கணினியைப் பார்த்து, "இதில அழிச்சா அடையாளமே இருக்காதாமே."

அழித்துக் காட்டினேன். இருக்கவில்லை. காகிதத்தில் குறுக்குக் கோட்டுக்கு அடியிலாவது சொல் தெரியும். கன்ட்ரோல், இசட். திரும்பி வந்தது.

"ஆறு போனால் என் பெயரும் வேண்டாம் அக்கா" என்றேன். எழுந்துகொண்டார். வாசல் வரை வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

9 அக்டோபர், வியாழன்

செலாயாங். போடுகிறோமோ இல்லையோ, சரிபார்க்க வேண்டும். காலை ஒன்பதுக்குச் சந்தை ஓய்கிற நேரம். ஈரத் தரை, கோஸ் இலை, லோரிப் புகை.

சிவபாலன் வேலை செய்த கடையில் செல்வம். புதுக்கோட்டைப் பக்கம், வேலைப் பெர்மிட்டில் வந்தவர். முதல் கேள்வியிலேயே என்னைத் திருத்தினார்: பதினொன்று இல்லை, ஒன்பது. "முத ரெண்டு வருஷம் ஐயா ஜெஞ்சாரோம்ல வெண்டிக்கா தோட்டம் போட்டாருண்ணே. அப்புறந்தான் இங்க." நல்லவேளை, வந்தேன்.

"மூட்ட தூக்காதீங்கன்னா கேக்க மாட்டாரு. எங்க ஃபாரம் எல்லாம் அவர்தான் ஃபில் பண்ணுவாரு. ஒரு எழுத்து கோணலா இருந்தா கிழிச்சிட்டு மறுபடி எழுதுவாரு. நாங்க கையெழுத்துப் போடவே பயப்படுவோம்." சிரித்தார். பிறகு, "ஞாயித்துக்கிழம எட்டுப் பேரு லீவு கேட்டிருக்கோம். வரலாங்களாண்ணே?"

வாருங்கள் என்றேன். ஆறு இல்லாத புத்தகம் என்றால், இந்த எட்டுப் பேர் அங்கே யார்?

மாலை அக்காவுக்குத் தொலைபேசி. எட்டுப் பேர் வருகிறார்கள், சந்தையிலிருந்து என்று மட்டும் சொன்னேன். வைத்துவிட்டார்.

10 அக்டோபர், வெள்ளி

தூறல். ஒன்பதரைக்குத் தொலைபேசியில் சரோஜா. முதல் ஐந்து கோப்புகளை மாதிரிக்கு அனுப்பியிருந்தேன். "என்ன அங்கிள், கறிக்கு வெட்டுன மாதிரி துண்டு துண்டா? ஒரே ஃபைலா அனுப்புங்க."

கமலா கற்றுக் கொடுத்தாள்: தேர்ந்தெடு, நகலெடு, ஒட்டு. ஒன்று முதல் ஐந்து வரை ஒட்டினேன். பிறகு ஏழு, எட்டு, ஒன்பது. நடுவில் இடம் விட்டேன். அடியில் என் பெயரை இன்னும் அடிக்கவில்லை.

பதினொன்றே காலுக்குத் தொலைபேசியில் அக்கா.

"அனுப்பிப்போட்டியோ?"

"இன்னும் இல்லை."

"எட்டுப் பேருக்கும் சேர்த்துச் சமையலுக்குச் சொல்லிட்டன். மரக்கறிதான், சாப்பிடுவினமோ?"

"சாப்பிடுவார்கள்."

"சரி, எழுது. சனிக்கிழமையில கத்தரிக்காய், முருங்கைக்காய் கொண்டந்து தருவான். ஒன்பது வருஷமா நான் கடைக்குப் போய் மரக்கறி வாங்கேல்ல. அதைப் போடு."

ஆறை ஒட்டி, பதினொன்றை ஒன்பதாகத் திருத்தி, அதன் கீழே அடித்தேன், இரண்டு விரலால். அக்கா காத்திருந்தார். வாசித்துக் காட்டினேன்.

"எங்கேயிருந்து கொண்டந்தவன் எண்டு இல்லையே. செலாயாங் சந்தையில இருந்து எண்டு போடு."

போட்டேன்.