நான் கடைஞ்ச குழாய்

9.11.1993, செவ்வாய்

இண்டைக்கு லண்டன் அப்டன் பார்க்கில எங்கட லேத் பட்டறைக்கு ரெண்டு பொலிஸ்காரர் வந்தினம். போன மாசம் நான் கடைஞ்ச இரும்புக் குழாயை மேசையில வைச்சினம். துவக்கு சுடேக்க வாற சத்தத்தைக் குறைக்கிற குழாயாம். சட்டப்படி அதுவும் துவக்குத்தானாம்.

"துவக்கில்லாமல் இது வெறும் குழாய்தானே?" எண்டு முதலாளி சண்டை பிடிச்சார்.

"என்னத்துக்கெண்டு செய்தது எண்டதிலதான் எல்லாம் இருக்கு. ஆர் செய்தது?" எண்டு பொலிஸில ஒருத்தன் கேட்டான்.

"எனக்குத் தெரியாது" எண்டிட்டன். ஊரில ஆமி மறிச்சு விசாரிக்கிற சென்றியளில பழகின நாசமாப்போன வாய். யூனிபோர்மைக் கண்டால் வேற சொல்லு வராது.

மோட்டார் சைக்கிள் புகைக்குழாய்க்கெண்டு சொல்லித்தான் ஒரு வெள்ளைக்காரன் செய்விச்சவன். அவன் அப்பிடிச் சொன்னதைக் காதால கேட்டது நான் மட்டும்தான்.

பொலிஸ்காரர் முதலாளியைக் கூட்டிக்கொண்டு போயிட்டினம்.

விடிய பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய், செய்தது நான்தான் எண்டு சொல்லவேணும். என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. எண்டாலும் போகத்தான் வேணும்.