எர்ணாவூர் மனைக்கு இரண்டு வாசல்

11 பிப்ரவரி 1968, ஞாயிறு

இன்னொரு வீடு கையை விட்டுப் போயிற்று. யானைக்கவுனியில் குடை வியாபாரம் செய்கிற ரஹீம் பாய்க்கு லியோனார்ட் பிளான் போட்டிருந்தார். நான்தான் பிடித்துக் கொடுத்த வேலை. பழைய கப்பல் உடைக்கிற இடத்தில் ஏலம் எடுத்துக் கதவு ஜன்னல் விற்கிறவள் நான். வீடு கட்டுகிறவர்கள் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள்.

மற்றவர்கள் பிளானைக் காகிதத்தில் காட்டிவிட்டு வேலையை ஆரம்பிப்பார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். வெறும் மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு வீட்டையும் அதே அளவில் கோடு போட்டு, குடும்பத்தையே அழைத்துவந்து, காலையிலிருந்து சாயந்திரம் வரை அந்தக் கோட்டுக்குள் இருக்கச் சொல்வார். இங்கே சமையுங்கள், அங்கே படுங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும் என்பார். இடித்தது. பாயின் அம்மாவுக்கும் சம்சாரத்துக்கும் சமையல்கட்டுக் கோட்டில் தொடங்கிய சண்டை, தனிக்குடித்தனத்தில் முடிந்தது. வீடே வேண்டாம் என்று பாய் போய்விட்டார்.

"கட்டினப்புறம் அடிச்சிக்காம, முன்னாடியே அடிச்சிக்கினாங்க. நல்லதுதானே" என்கிறார் இந்த மனுஷன். நல்லதாம்.

14 பிப்ரவரி

ஒரு ஜன்னல்கூட விற்கவில்லை. அதற்கும் லியோனார்ட்தான் காரணம் என்று எழுதத் தோன்றுகிறது.

18 பிப்ரவரி

எர்ணாவூரில் நான் வாங்கிப் போட்ட மனை இரண்டு வருடமாக முள் மண்டிக் கிடக்கிறது. வீடு கட்டலாம், நீயே பிளான் போடு என்று இன்று லியோனார்டிடம் சொன்னேன்.

இதைச் சொல்வதற்கு எனக்குப் பத்து மாதம் ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் அவருடைய சம்சாரம் ஆலிஸ் இறந்துபோய்ப் பத்து மாதம். அவள் அண்ணன் குடும்பத்தோடு கப்பல் ஏறிப் போனவள், திரும்பி வரவே இல்லை. எங்கள் மாதா கோயில் சட்டப்படி அவள் உயிரோடு இருக்கும்வரை இவருக்கு வேறு கல்யாணம் கிடையாது. பதினாலு வருடமாக இவருக்குச் சாப்பாடு என் வீட்டில், படுக்கை அடுத்த தெருவில் வாடகை அறையில். ராயபுரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. இப்போது தடை இல்லை. ஆனால் ஆள் வாய் திறக்கவில்லை. சரி, வீட்டைப் பற்றிப் பேசினால் மீதியும் வரும் என்று நினைத்தேன்.

பென்சிலை எடுத்துக்கொண்டு, வருகிற கிராக்கியிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்: "வூட்ல எத்தினி பேர் இருப்பீங்க?"

விளையாடுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. "நீயே எண்ணிக்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கி வந்துவிட்டேன்.

3 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து மனைக்குப் போனோம். என் அக்கா ஃப்ளோரன்ஸ் சோற்றுப் பானையோடு வந்தாள். கோடெல்லாம் போட்டாயிற்று. கடல் காற்றில் பறக்காமல் இருக்கத் தண்ணீரும் தெளித்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் கணக்குப் பார்க்கிற இடம், கிணற்றங்கரை, சமையல்கட்டுக்கு நேரே வரும் தெற்குக் காற்று.

தெருப்பக்கம் இரண்டு வாசல் விட்டிருந்தார். இரண்டாவது வாசலுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதற்கும் வீட்டுக்கும் நடுவில் முழுச்சுவர்.

மேஸ்திரி தேசப்பன்தான் கேட்டார்: "இன்னா சார், ஒரு வூட்டுக்கு ரெண்டு வாசலா? குடித்தனம் வைக்கப் போறாங்களா அம்மா?"

லியோனார்ட் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "ஆமா, நான்தான் குடித்தனக்காரன். வாடகை குடுத்துடுவேன்" என்றார்.

ஃப்ளோரன்ஸ் பானையைக் கீழே வைத்தாள். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

4 மார்ச்

வாடகை! என்னிடம்! ஜுரம் வந்தபோது கஞ்சி ஊற்றியதற்கும் ரசீது போட்டுத் தரட்டுமா? பதினாலு வருஷம் — ஊர் பேசினதெல்லாம் நான் கேட்டுக்கினேன், கோயில்ல பின்வரிசையில உக்காந்தேன் — இப்ப வந்து வாடகைன்றான் இந்த ஆளு. மனுஷனா இவன்?

9 மார்ச்

அவர் நெல்லூரில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். புதன்கிழமைதான் வருவார்.

இன்று தனியாக எர்ணாவூர் போனேன். அந்த முழுச்சுவர்க் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தேன். இரண்டாவது வாசலையும் அழித்தேன். பக்கத்துக் கடையில் ஒரு பை சுண்ணாம்பு வாங்கி, கையாலேயே தூவி, இரண்டு அறையையும் ஒன்றாக்கிப் புதுக் கோடு போட்டேன். என் வயிற்றெரிச்சலுக்குச் செய்தது. வந்து பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

13 மார்ச், புதன்

கோடு போட்டது தப்பில்லை. தேசப்பனிடம் சொல்லாமல் விட்டதுதான் மடத்தனம். திங்கட்கிழமையே ஆட்களை இறக்கி, என் கோட்டின் மேலேயே அஸ்திவாரம் தோண்டிவிட்டார்.

"கோடு இருந்திச்சு, நோண்டினோம்" என்கிறார். அவரை என்ன சொல்ல?

லியோனார்ட் பள்ளத்தில் இறங்கி அளந்து பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"கெழக்குச் சுவரு ரெண்டு முழம் கோணிக்கினு போவுது, ஹில்டா."

"கோணினா இன்னா? உள்ள நீ இருப்பியா, மாட்டியா? அதச் சொல்லு."

தேசப்பன் ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தானும் போனார்.

லியோனார்ட் பள்ளத்துக்குள்ளேயே நின்றுகொண்டு சொன்னார்: "மனை உன்னுது. மரம், கதவு எல்லாம் உன் கடையிலேர்ந்து வருது. நான் பொட்டியோட வந்து உள்ள உக்காந்தா, பொம்பள சோத்துல குந்திக்கினான்னு ஊரு சொல்லும்."

"பதினாலு வருஷமா அதத்தான் சொல்லிச்சு. உனக்கு இப்பத்தான் காது கேக்குதா?"

டேப்பை மறுபடி விரித்தார். அளந்ததையே அளந்தார். எனக்குத் தலை வெடித்தது.

15 மார்ச்

சாப்பிட வரவில்லை. வராவிட்டால் போகட்டும். மீனைப் பூனைக்குப் போட்டேன்.

17 மார்ச்

மத்தியானம் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, பிளானைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"அது மணல் பூமி. நோண்டுன பள்ளத்த மூடிட்டுப் பக்கத்துல திரும்ப நோண்டினா சுவரு நிக்காது. அதனால நீ போட்ட கோட்டுலயே கட்டிடலாம்."

"கட்டி?"

"ரெண்டு பேரும் இருக்கலாம். பாதரப் பாத்துட்டுத்தான் வரேன். ஈஸ்டரோட தபசுகாலம் முடியட்டும், கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறேன்னு சொன்னாரு."

இதுவா பேச்சு? நாற்பத்தாறு வயதில் ஒருத்தியைக் கல்யாணத்துக்குக் கேட்கிற லட்சணம் இதுவா? மணல் பூமியாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவில்லையா என்று கத்தினேன். தெருவில் போனவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"நீதான் கோடு போட்டுட்டியே" என்றார்.

28 ஏப்ரல், ஞாயிறு

இன்று பூசையில் எங்கள் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்தார்கள். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதர் சொன்னபோது ஃப்ளோரன்ஸ் கோயில் முழுக்கத் திரும்பி ஒவ்வொருவராக முறைத்தாள். லியோனார்ட் என் காதோரம், கிழக்கு ஜன்னலை இன்னும் ஒரு அடி தள்ளலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூசையில்!

சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது, கோணலாகவே. என் கடையில் இல்லாத சாமானா என்று ஒரு கட்டில் தேடினேன். கப்பலில் இருந்து வந்ததெல்லாம் ஒற்றை ஆள் படுக்கிறது. தச்சனிடம் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.