சிலுவைப் போர்ப் படமும் ஸஹ்லா சொன்னதும்

ஹட்டன்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

அன்பு மகன் அஃப்ஹமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ அங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் உம்மாவும் தங்கச்சி ஸஹ்லாவும் இந்த மழைக்கு வந்த இருமலைத் தவிர நலமாக இருக்கிறோம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். உன் கூட்டாளி நஸீர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, யார் எதைக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா.

போன சனிக்கிழமை பின்னேரம் டியூசன் வகுப்பு மாடியில் ஒரு படம் போட்டார்கள். சிலுவைப் போரைப் பற்றிய பெரிய படம், மூன்று மணித்தியாலம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். கட்டணம் இல்லை. சும்மா ஏன் காட்டுகிறார்கள் என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் ஸஹ்லா போயே தீருவேன் என்றதால் துணைக்குப் போனேன். கோயில்காரர், சர்ச்காரர், நம்மவர், சிங்கள ஆட்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். படம் முடிந்ததும் வினோஜன் என்ற ஒரு பொடியன், கண்டியிலிருந்து வந்தவனாம், போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டான். கேட்டதோடு விட்டானா, பெயரையும் ஊரையும் ஒரு கொப்பியில் எழுதினான். கொப்பியைக் கண்டதும், வா போவோம் என்று ஸஹ்லாவைக் கூப்பிட்டேன். நம் நஸீர், குதிரையெல்லாம் நல்லாத்தான் ஈக்கி, ஆனா சுல்தானுக்குப் பேச்சுப் போதாது என்றான். சர்ச்சிலிருந்து வந்த ஒரு பெரியவர், சிலுவை போட்டவனை எல்லாம் கொள்ளைக்காரனாக் காட்டியிருக்காங்களே, நாங்க அப்பிடியா என்று கோபப்பட்டார். வட்டவளையில் படிப்பிக்கும் நாகலெட்சுமி டீச்சர், ரெண்டு பக்கமும் ராசாக்களே பேசுறாங்க, அந்த மதிலுக்குக் கல்லுத் தூக்குனவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கலயே என்றார். அதற்குச் சிலர் கை தட்டினார்கள். நான் தடுப்பதற்குள் ஸஹ்லாவும் பேசிவிட்டாள். நகரத்தைப் பிடித்த சுல்தான் தோத்தவங்கள உயிரோட போக விட்ட இடம் எனக்குப் புடிச்ச, ஆனா அதயே நாங்க பெருமையாச் சொல்றோம், அப்பிடிப் போனவங்களுக்கு ஊடு வாசல் இல்லாமப் போச்சே, அத யாரு கேட்ட, என்றாள். பெயர் ஸஹ்லா அன்ஸார், ஹட்டன் என்று தெளிவாக வேறு சொன்னாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பாய். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு நம்மவர் வீடுகளைச் சோதனை போட்டபோது, நீ இங்கே இல்லை. நம் அலமாரியைக் கிளறியவர்கள் ஸஹ்லாவின் அரபுப் பாடக் கொப்பியைக் கூடப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். இரண்டு மாதம் கடைக் கதவைப் பாதிதான் திறந்தேன். அதனால்தான், பக்கத்துக் கடையில் ரேடியோ, டீவி திருத்தும் நம் அழகுமுத்து படிக்கட்டோரம் நின்று அந்தப் பொடியனிடம் கால்மணி நேரம் மெதுவாகப் பேசியதும், நம்மைக் கை காட்டியதும் என் கண்ணில் பட்டது. இருபது வருடப் பழக்கம். ஆனாலும் அன்றிலிருந்து பத்து மணித் தேநீருக்கு அவர் நம் கடைக்கு வரவில்லை. திங்கட்கிழமை எல்லோருடைய பேச்சையும் பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். நஸீர் காட்டினான். பதினொரு பேர் பேசியதில் பத்துத்தான் இருந்தது. ஸஹ்லா பேசியது மட்டும் இல்லை. அதை ஏன் தனியாக எடுத்து வைத்தான், யாரிடம் கொடுத்தான்? அழகுமுத்துதான் நம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்றே முடிவு செய்தேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

புதன்கிழமை பொறுக்க முடியாமல் அவர் கடைக்குப் போய், என் மகளைப் பற்றி அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்ஸார் நானா, நான்தான் அந்தத் தம்பி கையப் புடிச்சு, பாப்பா பேசுனத மட்டும் போடாதீங்கன்னு கேட்டேன், அந்த வருசம் நீங்க பட்டதப் பாத்தவன் நான், உங்களக் கேக்காமச் செஞ்சுட்டேன், அதான் மொகத்தப் பாக்க முடியாம இருந்தேன் என்றார். அன்றைய தேநீரை அவர் கடையிலேயே உட்கார்ந்து குடித்தேன். அவரைச் சந்தேகப்பட்டதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

பெரிய பாரம் இறங்கியதென்று வீட்டுக்கு வந்து சொன்னால், ஸஹ்லா கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நான் சொன்ன பிழையா வாப்பா, இல்ல நான் வாயத் தொறந்ததே பிழையா, அந்தப் படத்த நான் பாக்கவே இல்லங்கற மாதிரி ஆக்கிட்டீங்களே ரெண்டு பேரும், என்றாள். கண்ணில் தண்ணீர். உன் உம்மா முனீரா என்னைப் பார்த்து, அவ ஊடு இழந்தவங்களுக்காகத்தானே பேசின, அதுல எந்தச் சொல்லு உங்களுக்குப் பயம், அதச் சொல்லுங்க என்று கேட்டாள். அன்றிரவே நஸீரிடம் சொல்லி அந்தப் பொடியனின் நம்பரை எடுத்தேன்.

நேற்று நானே அந்த வினோஜனைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் வந்தான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன், கொப்பியையும் முழுதாக வாசித்தேன், அவன் முகம் சுளிக்கவில்லை. ஸஹ்லாவின் பெயருக்கு நேரே, எல்லாரிலும் நல்ல கருத்து, பக்கத்துக் கடைக்காரர் கேட்டதால் நிறுத்தியது என்று எழுதியிருந்தான். போடு தம்பி, பெயரோடு போடு என்றேன். அழகுமுத்துவும் வந்து நின்றார். இன்னமும் அந்தப் பொடியன் மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, யாருக்காகச் சேர்க்கிறான் என்று விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போகும்போது, உங்கள் கருத்து என்ன அங்கிள் என்று போனை என் பக்கம் திருப்பினான். நான் உண்மையைச் சொன்னேன். பாதிப் படத்தை நான் பார்க்கவே இல்லை, வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அன்ஸார், ஹட்டன் என்றேன். ஸஹ்லா பேசியதோடு அதையும் பேஸ்புக்கில் போட்டுவிட்டான்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. பேஸ்புக்கில் அதன் கீழே வந்து சண்டை பிடிப்பவர்களுக்குப் பதில் எழுதாதே. தங்கச்சிக்கு மட்டும் இரண்டு வரி எழுது, உன் சொந்தப் பெயரில் எழுது. அல்லாஹ் உன் உழைப்பில் பறகத் தந்து உன்னைப் பத்திரமாக வைத்திருப்பானாக.

உனக்காக துஆச் செய்யும் வாப்பா
எம். அன்ஸார்