கிட்டங்கி இருமல்

தை 9, வியாழன்
மைனாக்குட்டி, காலையில நல்ல பனி. உன் நோட்டுல மிச்சமிருந்த தாள்லதான் எழுதுறேன். நீ கண்ணை மூடி ஒம்பது மாசம்.

பர்மாவுல அவுகளுக்குள்ளயே சண்டையாம். அங்கன பொழைக்கப் போன நம்ம சனம் கடை, வீடெல்லாம் விட்டுட்டு கப்பலேறி, நேத்து ரயில்ல விருதுநகர் வந்து இறங்கியிருக்கு. ஆறு குடும்பம். உங்கப்பாவோட மொதலாளி, மொளகா வத்தல் மூட்டை அடுக்குற கிட்டங்கி காலியாக் கெடந்துச்சுன்னு, அதைத் தங்கக் கொடுத்தாரு. கஞ்சி காய்ச்ச என்னையும் கூப்பிட்டாக.

வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே இருமல். கண்ணு செவசெவன்னு.

தை 10, வெள்ளி
கம்மங்கஞ்சி, துவையல். உப்பு கொஞ்சம் தூக்கல்.

தெருவுல பேச்சு. "தொத்து வியாதி. நம்ம பிள்ளைகளுக்கும் பரவிரும்." மொதலாளி மூக்குல துண்டு. "ஞாயித்துக்கெழம ரயில்ல ஏத்திருவோம்"ங்காரு. எங்கன அனுப்புவாரு? அது அவருக்கே தெரியல.

செல்லம்னு ஒருத்தி, கைப்பிள்ளைக்காரி, என் கையப் பிடிச்சா. "கப்பல்ல ஒரு பிள்ளையும் இருமலையே அக்கா. இங்கன வந்துதான்."

அப்பத்தான் உறைச்சது. கலியாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசுல நானும் ஒரு மாசம் இருமுனேன். வத்தல் தூசி! இருந்து பழகுனவுகளுக்கு மூக்கு மரத்துப் போச்சு. ஒருத்தருக்கும் தெரியல.

மொதலாளிகிட்டயே போனேன். "ஒரு நாளைக்குப் பிள்ளைகள ஊருணிக் கரையில வச்சுப் பாருங்க. இருமல் நிக்கலைன்னா நானே ரயில்ல ஏத்துறேன்."

அவரு கணக்கப்பிள்ளை: "வந்துட்டாகய்யா, மூணாங்கிளாஸு படிச்ச டாக்டரு!"

சனி
ஊருணிக் கரை, வேப்பமரத்தடி. மத்தியானம் இருமல் பாதி. சாயங்காலம் சுத்தமா இல்ல. மண்ணள்ளி எறிஞ்சு சண்டை போடுதுக. கணக்கப்பிள்ளை எட்டிப் பாத்துட்டு வந்த வழியே போயிட்டாரு.

ஞாயிறு
கிட்டங்கி வேலை. பழைய சாக்கெல்லாம் வெளிய. செவுரு, உத்தரம் தூத்தாச்சு. தண்ணி ஊத்திக் கழுவி, சாணி மெழுகல் ரெண்டு தரம். எங்க தெருப் பொம்பளைகளும் பர்மாக்காரிகளும் சேந்து. இடுப்பு விட்டுப் போச்சு.

பாக்க வந்த மொதலாளி தலையிலயே தூசி. அடுக்கடுக்கா தும்மல்.

செல்லம்: "ஐயாவுக்கும் தொத்திருச்சு, ரயில்ல ஏத்துங்கக்கா!"

அவரே சிரிச்சுட்டாரு. "இருங்கம்மா. எம்புட்டு நாள் வேணும்னாலும் இருங்க."

ரயில் போச்சு. ஒருத்தரும் ஏறல!

திங்கள்
காலையில போயி கிட்டங்கிக் கதவுல காது வச்சுக் கேட்டேன். அம்புட்டுப் பிள்ளைக சத்தம், ஒரு இருமல் இல்ல. ஜெயிச்சுட்டேன்டி.

வீட்டுக்கு வந்து கையோட நம்ம வீட்டையும் தூத்துனேன். நீ படுக்க உங்கப்பா கிட்டங்கியில இருந்து கொண்டாந்தாரே, அந்தச் சாக்கு. எடுத்து உதறுனேன். வத்தல் தூசியாக் கொட்டுச்சு.

மைனா, உனக்கு வந்ததும் இந்த இருமல்தானாடி?