கியர் விழலை

ஆகஸ்ட் 9

வாப்பா வேன் பேசிவிட்டார். அடுத்த ஞாயிறு கோயம்புத்தூர் பந்தயத்துக்குத் தேவிபட்டினத்திலிருந்து ஒரு வேன் ஆட்கள் வருகிறார்களாம். உம்மா நெய்ச்சோறு கட்டுகிறாளாம். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்? ரோட்டில் தினம் பார்க்கிற அதே கார்தான், உள்ளே சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கம்பி அடித்திருக்கும், அவ்வளவுதான் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் மனதில் நான் ராக்கெட் ஓட்டுகிறேன்.

மருதுபாண்டிக்குத்தான் ஏகக் குஷி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு. டீமில் மெக்கானிக்காக நான்தான் சேர்த்துவிட்டேன். என் காரின் கியர்பாக்ஸ் முழுக்க அவன் பொறுப்பு. சீசன் முடிந்ததும் ஊர் ரோட்டோரம் ஒர்க் ஷாப் போடப் போகிறான். "நம்ம ஊர்க்காரங்க பாக்குறப்ப நீ ஜெயிச்சுட்டா போதும் மாப்ள. போர்டே வைக்க வேணாம், வண்டி தானா வரும்."

ஆகஸ்ட் 17

ஜெயித்திருக்க வேண்டியது. கடைசி ரவுண்டு வரை நான்தான் முன்னால். காதில் மாட்டிய ரேடியோவில் மேனேஜர்: "தம்பிக்கு வழி விடு." தம்பி என்பது எங்கள் டீமின் இன்னொரு டிரைவர், ஓனரின் அக்கா மகன். சாம்பியன் பட்டம் அவனுக்குப் போக வேண்டும். சொன்னால் விட வேண்டும், வெளியே மூச்சுவிடக் கூடாது. சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

விட்டேன். எங்கே விட்டேன்? நம் ஆட்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு நின்ற கேலரிக்கு நேர் எதிரே.

இறங்கியதும் வாப்பா ஓடி வந்தார். "என்னடா ஆச்சு?"

"கியர் விழலை" என்றேன்.

பக்கத்தில்தான் நின்றான் மருதுபாண்டி, கையைத் துடைத்துக்கொண்டு. வந்தவர்கள் மொத்தப் பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது.

ஆகஸ்ட் 18

ஏன் அப்படிச் சொன்னேன்? டயர் என்று சொல்லியிருக்கலாமே — அதுவும் யாராவது ஒருத்தன் தலையில்தான் விழும். விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெரிய மானஸ்தன்!

ஆகஸ்ட் 30

ஊருக்கு வந்திருக்கிறேன். டீக்கடையில் அவனுக்குப் பேரே வைத்துவிட்டார்கள். கியர் பாண்டி. "அவன்கிட்ட வண்டிய விட்டா ரிவர்ஸ்லதான் வீட்டுக்கு வரணும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேனே, பாவி.

ஆகஸ்ட் 31

இன்று மருதுபாண்டியின் அய்யா வந்தார். உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் மிளகாய் போடுகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளிலிருந்து ஒரு சாக்கு முண்டு மிளகாயை இறக்கினார். "பய கவனிக்காம விட்டுட்டான். மனசுல வச்சுக்கிறாதீக. நுஃமான் தம்பிகிட்டயும் சொல்லிருங்க."

வாப்பா பெரிய மனது பண்ணி, "அட விடுங்கண்ணே, அடுத்த தடவ பாத்துக்கிருவோம்" என்றார்.

நான் உள்ளே, கதவுக்குப் பின்னால். மிளகாய் நெடியில் தும்மல் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 2

அந்த மிளகாயில் உம்மா மீன் ஆணம் வைத்தாள். அந்தக் குழம்புக்கு இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றேன். வெட்கங்கெட்ட வயிறு.

செப்டம்பர் 20

நாளைக்குப் பந்தயம். மருதுபாண்டி காரில் உட்கார்ந்து கியரைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நன்றாக இருக்கிறது என்று தெரிந்தும் விடமாட்டேன் என்கிறான். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அன்னைக்கு ஹெட்செட்ல கேட்டதானே?"

"கேட்டேன்."

"பெறகு ஏன்டா சும்மா இருந்த?"

"நீயே சொல்லிருவன்னு இருந்தேன். வேன்ல ஏறுறதுக்குள்ள சொல்லுவ, ஊருக்கு வந்தா சொல்லுவன்னு… எங்க அய்யா மூட்டையத் தூக்கிட்டு வந்தாரே, அப்பக்கூடவா மாப்ள சொல்ல முடியல?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான்.

அக்டோபர் 12

சீசன் முடிந்தது. ஓனரின் அக்கா மகன் சாம்பியன். நான் மூன்றாவது. அடுத்த வருடமும் சீட் உனக்குத்தான் என்று ஓனர் முதுகில் தட்டினார். நல்ல நாய்க்குத் தட்டுகிற மாதிரி.

நவம்பர் 6

மருதுபாண்டி கடை திறந்து ரெண்டு வாரம் ஆகிறதாம். அந்த வழியாகப் போனேன். ஒரு வண்டி இல்லை. ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். காரை நிறுத்தவில்லை நான்.

நவம்பர் 7

சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது மச்சான் அஃப்ரித் கியர் பாண்டி கடைக் கதையை ஆரம்பித்தான். "கியர் நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் விட்டுக்குடுத்தேன்" என்றேன். பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. வாப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"அவுங்க அய்யா நம்ம வாசல்ல வந்து நின்னப்ப நீ எங்கன இருந்த?"

"உள்ள."

"உள்ளதான் இருந்தியா?"

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். உம்மா என்னைப் பார்க்கவே இல்லை. செத்துவிடலாம் போல இருக்கிறது.

நவம்பர் 10

வாப்பாவே டீக்கடையில் போய், "நுஃமான் பொய் சொல்லிட்டான், அந்தப் பய மேல தப்பில்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வேன் ஓட்டி வந்த அய்யப்பன் நேரே போய் மருதுபாண்டியிடம் வண்டியை விட்டானாம். யாரோ வாட்ஸ்அப்பில் போட, டீம் வரை போய்விட்டது. மேனேஜர் போன் செய்தார். சீட் இல்லை. இதை வாப்பாவிடம் சொல்லலாம் என்றால், அவர் என்னிடம் பேசுவதில்லை.

நவம்பர் 12

காலையில் வாப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தொதல் இனிப்பு டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மருதுபாண்டியின் அய்யாவிடம் மன்னிப்புக் கேட்க.

"கார் எடுக்குறேன் வாப்பா."

"நீ ஓட்டி நான் வரல." டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். ரோடு காலியாகத்தான் கிடந்தது. கடைசி சீட்டில் அவருடைய தொப்பி தெரிந்தது. நான் முந்தவில்லை.

அங்கே இறங்கி, செருப்பைக் கழற்றி, வாசலில் போய் நின்றார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். திரும்பிப் பார்க்காமலே வாப்பா கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.