தேவாலயத்துத் தரையில் ஒரு கல்

9 பிப்ரவரி 1983, புதன்

பூட்டிக் கிடந்த தேவாலயத்தில் மூன்று வருடமாகக் கூத்து நடக்கிறது. நாளை அதற்குச் சிமெண்ட் மேடை கட்டுகிறார்கள். மேற்பார்வை என் வீட்டுக்காரர், இவர்தான்.

மாலையில் என் மகள் மீனாவோடு போனேன். தரையில் ஒரு கல்லறைக் கல். பாதிரியாரின் மகள், வயது இரண்டு, காய்ச்சல் என்று பொறித்திருந்தது. மீனாவுக்கும் இரண்டுதான்.

கல்லின்மேல் சாமைக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார் கூத்தாடும் காளியண்ணன்.

"இன்னாத்துக்குண்ணா?"

"கொயந்த பசியோட கெடக்குமே! அதுக்கு வச்சிட்டுத்தான் சலங்க கட்டுவோம். கல்ல மூடாம மேடைய கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லும்மா."

இவரிடம் சொன்னேன். "பி.ஏ. படிச்சவ பேசற பேச்சாடி இது? பிளான்ல அந்தக் கல்லே இல்ல" என்று சிரித்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

காலையில் கொத்தனார் வருமுன் போய் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். மீனாவைத் தூக்கிப் போகத்தான் பயமாக இருக்கிறது.