செசிலிக்காவின் பெட்டியில் இருந்த மெழுகுதிரி

என் செசிலிக்கா,

நீங்கள் போன அன்று மத்தியானம் உங்கள் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்: அத்தான், பங்குச் சாமியார், மாடிவீட்டு மினுதி, நான். என் மகள் உஷா வாசற்படியோடு நின்றுவிட்டாள். அவளையும் சேர்த்தால் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் அன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான்கு மாதமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். தெம்பில்லை அக்கா. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வந்தால் பேனா பிடிக்கவும் கை வருவதில்லை.

அத்தான் உங்கள் தகரப் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டித் தேடியது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்போதே நினைவு தப்பிவிட்டது. "பிப்ரவரியில கோயில்ல மந்திரிச்சுக் குடுத்த திரி இதுலதான இருந்துச்சு? போற நேரத்துல கையில குடுக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கா" என்று புலம்பிக்கொண்டே சேலைகளை எல்லாம் தரையில் இறைத்தார். கடைசியில் மினுதி ஓடிப்போய் வாங்கி வந்த கடை மெழுகுவத்தியைத்தான் ஏற்றினோம். அது உங்கள் கையிலிருந்து நழுவாமல் விரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது நான்தான். வாயைத் திறக்கவில்லை.

அந்தத் திரி என் வீட்டில் எரிந்து தீர்ந்திருந்தது.

உஷாவின் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் நினைவிருக்கிறதா? ஆறு மணிக்கே லோட்ஷெடிங், கரண்ட் போய்விட்டது. நம் பேட்டை பவானிபூர் முழுக்கக் கடைகளில் மெழுகுவத்தி தீர்ந்துபோய், மண்ணெண்ணெயும் இல்லாமல் உங்கள் கதவைத் தட்டினேன். "ஏட்டி கோமதி, உங்க முருகனுக்கு அத்தன விளக்கு ஏத்துதியே, புள்ள படிக்க அவரு ஒண்ணு குடுக்க மாட்டாரா?" என்று சிரித்தீர்கள். இருட்டில் பெட்டியைத் துழாவி, மஞ்சளாக, கனமாக ஒன்றை எடுத்துத் தந்தீர்கள். எரிய எரிய வீடெல்லாம் தேன் வாசனை. உஷாகூடக் கேட்டாள், என்னம்மா வாசனை என்று. படிக்கிற வேலையைப் பார் என்று அதட்டினேன். மறுநாள் உங்களிடமாவது கேட்டிருக்கலாம் இல்லையா?

நீங்கள் போன பிறகு ஒன்றுதான் தோன்றியது. அதற்கு ஈடாக ஒரு தேன்மெழுகுத் திரியை என் கையாலேயே செய்து கல்லறைத் திருநாளுக்கு ஏற்ற வேண்டும். சுந்தரவனத்துத் தேன்காரரிடம் சொல்லிவைத்து மெழுகு வாங்கினேன். பழுப்பாக, செத்த தேனீயும் தூசியுமாக இருந்தது. வெந்நீரில் உருக்கி, பழைய வேட்டியில் வடிகட்டி ஆறவைத்தேன். நீரின் மேல் மஞ்சள் வட்டமாக மெழுகு மிதந்தது. மினுதி வந்து மோந்து பார்த்துவிட்டு, மிட்டாய்க் கடை போடப் போகிறாயா என்று கேலி செய்தாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அகல் விளக்குத் திரிதான். பஞ்சைத் தொடையில் வைத்து உருட்டி, அதையே மெழுகுக்குள் நிறுத்தினேன். ஏற்றினால் கொஞ்ச நேரம் கரும்புகை. பிறகு தன்னைச் சுற்றி உருகிய குளத்திலேயே முங்கி அணைந்தது. மூன்று தடவை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றையும் குறித்தேன்: அணைந்தது, அணைந்தது, அணைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள்தான் வேண்டாம் என்கிறீர்களோ என்று பயம்.

உங்கள் வீட்டில் அத்தான் ஒதுக்கி வைத்திருந்த, அன்று ஏற்றிய கடை மெழுகுவத்தியின் மிச்சத்தை வாங்கி வந்து பிளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே இருந்தது நூல், அதுவும் சடை மாதிரி பின்னிய நூல். உஷாவுக்குப் பின்னுவது போல மூன்று புரி எடுத்துப் பின்னினேன். பால்பவுடர் டப்பாவில் மெழுகைப் போட்டு, டப்பாவை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, நூலை முக்கி முக்கி எடுத்தேன். ஒரு நொடி கூடுதலாக உள்ளே வைத்தால் முன்பு ஏறியதும் கழன்றுவிடுகிறது. அதனால் 'முருகா' என்று ஒரு தடவை சொல்லும் நேரம்தான் ஒரு முக்கு. நாற்பது முக்கு, நாற்பது முருகா. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குத் தெரிந்த அளவு அதுதான்.

கல்லறையில் அதை ஏற்றியபோது அத்தான் கேட்டார், எங்கே வாங்கினாய் என்று. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "தரையில பொட்டியக் கொட்டித் தேடினேனே, அப்பகூடச் சொல்லலையேம்மா" என்றார். காற்றில் திரி படபடத்தது. அவர் குனிந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே, "நீ போயி டிராமப் பிடி. இது தீருற வரைக்கும் நான் இருக்கேன்" என்றார்.

இனி வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு என் கையால் ஒரு திரி வரும், அக்கா. பிப்ரவரியிலேயே செய்து, சாமியாரிடம் மந்திரித்தும் வாங்கிவிடுவேன். நூல் பின்ன எனக்குக் கண் தெரிகிற வரை இது நிற்காது.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அன்று இருட்டில் கை மாறிப் போய்த் தந்தீர்களா, எதற்கு வைத்த திரி என்று தெரிந்தேதான் தந்தீர்களா? கனவிலாவது வந்து சொல்லுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
கோமதி